தவ்வைக்கு ஒரு குடம்

பலன் எழுதித் தர மாட்டேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

சென்ற மாதம் ஓர் இளம் அலுவலர் என்னைத் தேடி வந்தார். நான் பணியாற்றிய அறநிலையத் துறையில், நான் வகித்த நிர்வாக அலுவலர் பதவியில், இன்று தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள சில கோயில்களைக் கவனிப்பவர். படித்தவர், பணிவானவர். சன்னிதிதோறும் ஒரு பலகை வைக்கப் போகிறார்களாம். எந்தத் தெய்வத்தை வணங்கினால் என்ன கிடைக்கும் என்பதை ஒரே வரியில் சொல்ல வேண்டுமாம். நான் வித்துவான் படித்தவன் என்பதால் அந்த வாசகங்களைப் பிழையின்றி எழுதித் தர வேண்டுமாம். மாதிரி ஒன்று காட்டினார். பிள்ளையாரால் தடை நீங்கும். துர்க்கையால் திருமணம் கைகூடும். பைரவரால் கடன் தீரும். வடமேற்கு மூலைக்கு மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"இந்த அம்மனுக்கு என்ன போடறதுன்னு தெரியல, சார். யாரைக் கேட்டாலும் சிரிக்கிறாங்க. நீங்க அந்தக் கோயில்ல இருந்திருக்கீங்களாமே?"

இருந்திருக்கிறேன். அந்த மூலையில் நாற்காலி போட்டே இருந்திருக்கிறேன். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் கேட்டதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் துறையில் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். அதற்குமுன் சிறிது காலம் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குத்தகை, உண்டியல், நகைச் சரிபார்ப்பு, வழக்குக் கட்டு ஆகியவற்றை ஓரளவு பொறுமை உள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். கற்பதற்கு அரியது ஒன்று என் மேலதிகாரியிடம் இருந்தது.

அவர் உதவி ஆணையர். ஒடிசலான உடல், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. ஒரு கோயிலுக்கு விசாரணைக்குச் சென்றால் வாயிலில் காலணியைக் கழற்றும்போதே கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அறங்காவலர்கள் மாலையோடு நிற்பார்கள். கோப்புகள் மேசைமேல் காத்திருக்கும். அவர் எதையும் பார்க்காமல் வலம் வரத் தொடங்குவார். ஒவ்வொரு சன்னிதி முன்பும் நின்று, உடன் வரும் அலுவலரைப் பார்த்து, "இவர் யார்?" என்பார். பெயர் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். "பெயர் தெரியாத கல்லைப் பற்றி ஆணை எழுதாதே" என்பது அவர் எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை.

எவரேனும் குரலை உயர்த்தினால் அவர் பதில் சொல்வதில்லை. கத்துபவரின் கால்களைப் பார்ப்பார். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டோமோ என்று அந்த மனிதரும் குனிந்து தம் கால்களைப் பார்ப்பார். நிமிரும்போது கத்தல் பாதியாகியிருக்கும். பேனாவின் மூடியை அவர் மெல்லத் திருகி மூடினால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

அவருடன் வலம் வந்து வந்துதான், கோயிலில் தெய்வங்கள் நிற்கும் வரிசைக்கு ஒரு கருத்து உண்டு என்பதை உணர்ந்தேன். அதை என் சொற்களில் எழுதுகிறேன். பிழையிருந்தால் அது என்னுடையது.

கிழக்கு வாயிலில் நுழைந்ததும் எதிரே இலிங்கம். உருவம் என்று சொல்லவும் இயலாது, உருவமில்லை என்று தள்ளவும் இயலாது, தொடக்கம் அங்கே. இடப்பக்கம் திரும்பித் தென்சுவருக்கு வந்தால் தட்சிணாமூர்த்தி. கற்பிக்க அமர்ந்தவர் வாய் திறப்பதேயில்லை; ஆசிரியனாக இருந்த எனக்கு அவர் முன் நிற்கும்போதெல்லாம் சற்று நாணமாக இருக்கும். தென்மேற்கில் பிள்ளையார், எந்தச் செயலுக்கும் முதல் அடி. மேற்கில் வேலுடன் முருகன், இளமை. இனி வடக்குச் சுவருக்குத் திரும்பினால் எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கை. அவள் முகத்தில் சினம் இல்லை. வென்றவளுக்குச் சினம் எதற்கு? அவளுக்கருகே சண்டிகேசுவரர். எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று நாம் அவரிடம் கைகளைத் தட்டிக் காட்டிவிட்டு வெளியேறுகிறோம். கல்வி, தொடக்கம், இளமை, வெற்றி, வெறுங்கை.

இந்த வரிசையில் இளமைக்கும் வெற்றிக்கும் நடுவே ஒரு மூலை திரும்ப வேண்டும். அந்த வடமேற்கு மூலையில் பழங்கோயில்கள் சிலவற்றில் ஒருத்தி அமர்ந்திருப்பாள். பெருத்த வயிறு, தளர்ந்த மார்பு, தொங்கவிட்ட இரு கால்கள். ஒரு பக்கம் மாட்டு முகம் கொண்ட மகன், மறுபக்கம் மகள். மேலே காக்கைக் கொடி, அருகில் துடைப்பம். தவ்வை என்பது அவளுடைய பழம்பெயர். தமக்கை என்று பொருள், திருமகளுக்கு மூத்தவள். சோம்பல், உறக்கம், வறுமை, முதுமை என்று நாம் வீட்டுக்குள் விட அஞ்சும் அனைத்துக்கும் உரியவள். மூதேவி என்று ஊர் அவள் பெயரை வசையாக்கிவிட்டது. கோயில் கட்டியவர்களோ அவளுக்கும் ஓர் இருக்கை செய்து, வேலவனைக் கடந்து வருகிறவன் இவளைச் சந்திக்காமல் துர்க்கையிடம் போக முடியாதபடி வைத்தார்கள். தளர்ச்சியைக் காணாத வெற்றி இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உரையாசிரியனும் எழுதியதில்லை. அவளிடம் வேண்டிக்கொள்ள எதுவும் கிடையாது. ஒன்றும் கேட்காமல் மனிதன் ஒரு தெய்வத்தின் முன் நிற்கக்கூடிய ஒரே இடம் அது.

இனி வழக்குக்கு வருகிறேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. இராஜகீழ்ப்பாக்கத்தைக் கடந்து, வேளச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு வண்டிப்பாதை. அது முடியுமிடத்தில் ஏரி. ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிறிய கற்கோயில். காலம் எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முன்பிருந்த அலுவலர் ஓய்வு பெற்றதால் நான் பொறுப்பேற்றேன். கோயிலில் திருப்பணி பாதியில் இருந்தது. பாலாலயம் முடிந்திருந்தது.

பாலாலயத்தைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெய்வம் உறையும் சிலையின்மேல் சாரம் கட்டி உளி வைக்க முடியாது. எனவே ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குடம் வைப்பார்கள். குடத்துக்கு நூல் சுற்றி, மாவிலையும் தேங்காயும் வைத்து, சிலைக்கும் குடத்துக்கும் இடையே தருப்பைக் கயிறு கட்டி, சிலையிலுள்ள ஆற்றலை மந்திரத்தால் குடத்து நீரில் இறக்குவார்கள். பிறகு அக்குடத்தை ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோய், தெய்வ உருவம் எழுதிய அத்திப் பலகையில் அதைச் சேர்ப்பார்கள். திருப்பணி முடியும்வரை பூசை அந்தப் பலகைக்குத்தான். உள்ளே இருப்பது கல். குடமுழுக்கு நாளில்தான் கல் மீண்டும் தெய்வமாகிறது.

பொறுப்பேற்ற அன்று, கற்றுக்கொண்டபடி, கோப்பைத் தொடாமல் வலம் வந்தேன். கருவறை இருண்டு கிடந்தது. தட்சிணாமூர்த்தியின் தோள்மேல் ஒரு கொத்தனாரின் சட்டை உலர்ந்துகொண்டிருந்தது. முருகன் சாக்குத் துணிக்குள் இருந்தார். வடமேற்கு மூலைக்குத் திரும்பியபோது நின்றுவிட்டேன். தவ்வையின் முன் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் ததும்பியது. சற்றுத் தள்ளி ஒரு மூதாட்டி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கால் நீட்டி அமர்ந்திருந்தார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி.

"இந்த விளக்கை யார் ஏற்றியது, அம்மா?"

"நான்தான், சார். ஏத்தக் கூடாதா?"

"ஏற்றலாம். மற்ற தெய்வங்களுக்கெல்லாம் இப்போது கொட்டகையில்தானே விளக்கு?"

"அவங்களுக்கெல்லாம் தேங்கா, பூவு, கற்பூரம்னு வாங்கியாரணும். இதுக்கு ஒண்ணும் வாணாம். ஒரு சொட்டு எண்ணெய். அதான் நமக்குத் தோதுப்படுது." பிறகு சிரித்துக்கொண்டே, "அதுவும் இல்லாம, ரெண்டு பேரையும் வூட்டுல ஒரே பேரு சொல்லித்தான் கூப்புடறாங்க" என்றார்.

அவர் பெயர் தனபாக்கியம். கோயில் தர்மகர்த்தா கோதண்டத்தின் உடன்பிறந்த தமக்கை. மணமான சில ஆண்டுகளிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். தம்பி வீட்டு நல்ல காரியங்களில் அவர் இடம் பின்கட்டு.

கோதண்டத்தைப் பற்றித் தவறாக எண்ணிவிட வேண்டாம். அவர் கொடியவரல்லர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம்; இப்போது அதே வயலில் வெள்ளையடித்த எல்லைக்கற்களை நட்டு மனைகளாக விற்றுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரயில்வே ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் தாம்பரத்தில் மின்சார இரயிலை விட்டிறங்கி, மனை பார்க்கக் குடையோடு வருவார்கள். அவர் முதலில் கோயிலைக் காட்டுவார். துரதிருட்டமாக, மதிற்சுவர் சரிந்திருந்தது வடமேற்கில். வண்டிப்பாதையில் வருகிறவர் கண்ணில் முதலில் படுபவள் தவ்வை.

ஆகவே அவர் ஒரு முடிவு செய்திருந்தார். இரு யானைகள் நீராட்டும் திருமகள் சிலையொன்றை மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் செய்யச் சொல்லியிருந்தார். அது வடமேற்கு மூலைக்கு. பழைய சிலை ஏரிக்கு.

பொறுப்பேற்ற அந்த வாரமே இரண்டு ஆட்கள் கடப்பாரையுடன் வந்தார்கள். கோதண்டமும் வந்தார். குருக்கள் சபேசன் சற்றுத் தொலைவில் தூண் ஓரமாக நின்றார். எந்தப் பேச்சு நடந்தாலும் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பது அவர் இயல்பு.

"நிறுத்துங்கள்" என்றேன்.

"இன்னா சார், வந்ததும் வராததுமா பேஜார் பண்றீங்க?" என்றார் கோதண்டம். "மனை வாங்க வர்றவன் முத மொதல்ல மூதேவி மொகத்துலயா முழிக்கணும்? போன வாரம் ஒரு வாத்தியார் அட்வான்ஸ் எடுத்துகினு வந்து, இத்தப் பாத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாரு."

"தெய்வத்தை அப்படிப் பெயர்த்து எடுக்க முடியாது."

"அது சாமி இல்ல, சார். வெறும் கல்லு. பாலாலயம் முடிஞ்சி எல்லாமே இப்ப கல்லுதானே? குருக்களக் கேளுங்க."

குருக்களைக் கேட்டேன். "பாலாலயத்தில் இந்த அம்மனுக்குக் குடம் வைத்தீர்களா?"

தூணுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "தர்மகர்த்தா வேண்டாம்னுட்டார். அந்தப் பேரை யாகசாலையிலே சொல்லப்படாது, கேட்டாலே தரித்திரம்னார். அதனாலே வைக்கலை."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. இலக்கணம் படித்தவனுக்கு ஒரு வாசகத்தில் விடுபட்ட சொல் தெரிவதுபோல், விடுபட்ட அந்தக் குடம் தெரிந்தது. வெறுப்பினால் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். விட்டதனாலேயே அவளைக் கல்லிலிருந்து இறக்காமல் விட்டார்கள்.

"ஐயா," என்றேன், "பிள்ளையார் இன்று வெறும் கல். முருகன் வெறும் கல். கருவறையிலிருக்கும் பெருமானும் இந்த நேரத்தில் கல்தான். எல்லோரையும் குடத்தில் இறக்கிக் கொட்டகைக்குக் கொண்டு போய்விட்டீர்கள். இவளை மட்டும் இறக்கவில்லை. இந்தச் சுவருக்குள் இப்போது கல்லில் குடியிருக்கும் தெய்வம் இவள் ஒருத்திதான்."

கடப்பாரை வைத்திருந்தவர்களுள் ஒருவன் அதை மெல்லத் தரையில் கிடத்திவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கோதண்டத்தின் முகம் சிவந்தது. "அப்போ, இன்னிய தேதிக்கு இந்தக் கோயில்ல பெரிய சாமி மூதேவியா?"

"ஆம்" என்றேன். "உங்கள் ஏற்பாடு."

தொலைவில் தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று மாலையே கோதண்டத்தின் பேச்சு வேறு வழியில் திரும்பியது. பின்னமான, அதாவது உடைந்துபோன, சிலையை எடுத்து நீரில் விடலாம் என்பது ஆகமம் அனுமதிக்கும் ஒன்று. "மூக்கு தேஞ்சி கீது, பாத்தீங்களா? நாளைக்கி ஒரு கல்லு உருண்டு வந்து வுழுந்தா கைகூட ஒடையலாம். திருப்பணி நடக்கிற எடம், சார். இன்னா வேணா ஆவும்."

மறுநாள் காலை, மடைப்பள்ளிக்கு அருகிலிருந்த என் மேசையையும் நாற்காலியையும் தூக்கச் செய்து, வடமேற்கு மூலையில், தவ்வைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். குடமுழுக்கு முடியும்வரை என் அலுவலகம் அதுதான் என்று அறிவித்தேன். வெயிலுக்கு ஓலைத் தட்டி. காற்றுக்குத் தாள்களின்மேல் கூழாங்கல். சேலையூர்ப் பக்கமிருந்து எழும் பயிற்சி விமானம் தலைக்குமேல் போகும்போது மட்டும் பேச்சை நிறுத்துவேன். குத்தகைக்காரர், ஒப்பந்தக்காரர், பூ ஏலம் எடுப்பவர் என யார் என்னிடம் கையெழுத்துக் கேட்டு வந்தாலும் தவ்வையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. சிலர் கண்களை மூடிக்கொண்டு பேசினார்கள். மனை பார்க்க வந்த ஒருவர் என்னைக் காட்டி, "அவர் எதுக்கு அங்கே உட்கார்ந்திருக்கார்?" என்று கேட்டதற்கு, "அது மூதேவி ஆபீசு, சார். நீங்க இந்தாண்ட வாங்க" என்று கோதண்டம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கவேண்டும் என்றே சொன்னார்.

அந்தப் பெயர் தாம்பரம்வரை பரவியது. பேருந்து நிறுத்தத்தில் என்னைக் கண்டால் சிலர் விலகி நின்றார்கள். என் மனைவியிடம் ஒருத்தி, வேலை மாற்றம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அறிவுரை கூறினாள். "அவர் தமிழையே மாத்த மாட்டார், வேலையையா மாத்தப் போறார்?" என்றாளாம் என் மனைவி.

கோதண்டம் மேலே மனுக் கொடுத்தார். உதவி ஆணையர் விசாரணைக்கு வந்தார். கைக்கடிகாரம் பைக்குள் போயிற்று. மாலையைப் பெற்று அருகிலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, என்னை விட்டுவிட்டு, கோதண்டத்தை அழைத்துக்கொண்டு வலம் புறப்பட்டார். அவர் ஓர் அறங்காவலரைப் பெயர் சொல்லச் செய்ததை அன்றுதான் கண்டேன்.

"இவர் யார்?"

"பிள்ளையாரு, சார்."

"இவர்?"

"முருகரு."

மூலை திரும்பினார்கள். மேசைக்குப் பின்னால் நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இவர்?"

கோதண்டம் அந்தப் பெயரை நாளெல்லாம் வீட்டில் வசையாகச் சொல்பவர். இப்போது அவளுக்கு நேரே நின்று அவளுடைய பெயராக அதைச் சொல்ல நா எழவில்லை. அதிகாரி காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும்.

"அது... எங்க அக்காதான் சார் இங்க வெளக்கு ஏத்துது" என்றார் கடைசியில்.

அதிகாரி தலையசைத்தார். பிறகு சிலையருகே குனிந்து, தேய்ந்த மூக்கின்மேல் விரலை ஓட்டினார். தோள், முழங்கை, விரல்கள், மகன், மகள், காக்கைக் கொடி என ஒன்றையும் விடவில்லை. "எண்ணெய் தடவித் தடவித் தேய்ந்தது. உடைப்பு இல்லை. பின்னம் என்று எழுத முடியாது."

"சரி, சார்" என்றார் கோதண்டம், குரல் உயர. "இப்பவே ஒரு கொடம் வெச்சி எறக்கிடுவோம்! எறக்கிட்டா அதுவும் கல்லுதானே? அப்பால தண்ணிய ஏரில ஊத்திட்டு, கல்லை எடுத்துட வேண்டிதான்! ஊரே கேக்குது, சார், இது ஒருத்தர் ரெண்டு பேர் சமாச்சாரம் இல்ல!"

அதிகாரி அவர் கால்களைப் பார்த்தார். கோதண்டமும் பார்த்தார். பாதம் வெறுமையாகத்தான் இருந்தது. குரல் தணிந்தது.

"குருக்களே, அப்படிச் செய்யலாமா?"

சபேச குருக்கள் அன்று தூணை விட்டு வெளியே வந்தார். அவர் சம்பளம் கோதண்டத்தின் கையிலிருந்தது. அதை அவர் அறியாதவரல்லர். "எறக்கலாம். ஆனா எறக்கறதுக்கு அவ பேரைச் சொல்லி அழைக்கணும். அழைச்சா வருவா. வந்தவளை ஏரியிலே கொட்டப்படாது. எங்கேர்ந்து எடுத்தோமோ அங்கேயேதான் சேர்க்கணும். மத்தவாளுக்கும் அதேதானே பண்ணப் போறோம்? இவளுக்கு மட்டும் வேற மாதிரி பண்ண நேக்கு மந்திரம் தெரியாது."

காக்கையொன்று மதிலின் சரிவில் வந்தமர்ந்தது. நான் கற்பனை செய்யவில்லை. ஏரிக்கரையில் காக்கைக்குப் பஞ்சமில்லை.

அழைக்காமல் விட்டால் அவள் கல்லில் இருக்கிறாள், தொட முடியாது. அழைத்தால் அவள் தெய்வம். திரும்ப அதே கல்லில் அமர்த்த வேண்டும். கோதண்டம் இதை இருபுறமும் புரட்டிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் கூர்மையானவர்; வேறு வழியில்லை என்று கண்டுகொண்டார்.

"குடமுழுக்கில் மற்றவர்களோடு இவருக்கும் ஒரு குடம்" என்றார் அதிகாரி. "புதிய திருமகளை மேற்கே, முருகன் சன்னிதிக்கு அடுத்து வையுங்கள். தங்கைக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை." பேனாவின் மூடியைத் திருகினார். என் மேசையை அப்போதுதான் கவனித்தவர்போல், "நிழல் போதவில்லை. இன்னொரு தட்டி கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனார். இருபதாண்டுப் பணியில் எனக்குக் கிடைத்த பாராட்டு அதுவொன்றே. இன்னொரு தட்டியும் கட்டிக்கொண்டேன்.

வழக்கு அங்கே முடிந்தது என்று எண்ணினேன். முடியவில்லை.

வேள்விச் சாலையில் வைக்கும் குடங்களுக்கு ஏரியிலிருந்து நீர் கொண்டுவர வேண்டும். ஊர் வழக்கப்படி அதைச் சுமப்பவர்கள் சுமங்கலிப் பெண்கள். ஒவ்வொரு தெய்வத்தின் குடமும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. பெருமானின் குடம் கோதண்டத்தின் மனைவிக்கு. அன்று காலை மேளத்துடன் எல்லோரும் ஏரிக்குப் போனோம். குருக்கள் நீர் முகந்து ஒவ்வொரு குடமாகத் தூக்கிக் கொடுக்க, பட்டுப்புடவைகள் வரிசையாகக் கரையேறின. படித்துறையில் ஒரு குடம் மிஞ்சியது. நூல் சுற்றி, மாவிலை செருகி, மற்றக் குடங்களுக்குச் சற்றும் குறையாமல் நின்றது.

"இது யாருக்கு?" என்றார் குருக்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோதண்டத்தின் மூத்த மருமகள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "எனக்குப் புள்ள குட்டி கீது, சாமி" என்றாள் இன்னொருத்தி. "ஆபீசர் தூக்கட்டுமே, அவரு தோஸ்துதானே!" என்று கூட்டத்தில் எவனோ கத்த, சிரிப்பு எழுந்தது. நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். தூக்கியிருப்பேன். ஊர் வழக்கம் இடிந்து விழுந்தாலும் தூக்கியிருப்பேன்.

"நவுருங்க, சார்."

தனபாக்கியம். நல்ல காரியம் என்பதால் கரைக்கு அப்பால், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தவர், அத்தனை பேரையும் கடந்து படியிறங்கி வந்துவிட்டார்.

மேளம் நின்றது. கோதண்டம் விரைந்து வந்தார். "யக்கா, நீ எதுக்கு இங்க வந்த? போ, அப்பால போய் நில்லு."

"பின்ன யாரு தூக்கறது? நீ தூக்கறியா?"

"அதுக்கில்ல... ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா சொல்லும்? மூதேவிங்கும். புதுசாவா சொல்லப் போவுது?" அவர் குனிந்து குடத்தின் கழுத்தில் கை வைத்தார். "இத்தினி நாளா எண்ணெ ஊத்தினவ நான். தண்ணி ஊத்தற இன்னிக்கி மட்டும் மரத்தடில நிக்கணுமா? வுடு, கோதண்டம்."

கோதண்டம் குருக்களைப் பார்த்தார். குருக்கள் என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் குடத்தைப் பார்த்தேன். ஆணையில் எழுதியிருந்தது குடம் வேண்டும் என்பதுதான். யார் சுமப்பது என்று எந்த அதிகாரியாலும் எழுத முடியாது.

நீர் நிறைந்த குடம். முதியவர் தூக்கிப் பார்த்தார். இடுப்பளவுக்குமேல் எழவில்லை. ஒருமுறை நீர் தளும்பிப் படியில் சிந்தியது. அப்போது கோதண்டம் தம் தோளில் கிடந்த சரிகைத் துண்டை எடுத்தார். தர்மகர்த்தா என்பதற்காகப் போட்டிருந்த புதுத்துண்டு. அதைச் சும்மாடாகச் சுருட்டி, தமக்கையின் தலைமேல் வைத்து, இரு கைகளாலும் குடத்தை ஏந்தி அதன்மேல் இருத்தினார். சற்று நேரம் கையை எடுக்கவில்லை.

"கனமா கீதாக்கா?"

"நட, முன்னால."

அவர் முன்னால் நடந்தார், வெறுந்தோளுடன். "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று கத்திக்கொண்டே போனார். கரைமேலிருந்த பட்டுப்புடவைகள் இருபுறமும் ஒதுங்கின. மேளக்காரர் யாரும் சொல்லாமலே தொடங்கினார்.

அடுத்த மாதம் எனக்கு மாறுதல் வந்தது. படப்பைக்கும் அப்பால், பேருந்து போகாத ஓர் ஊர்க் கோயில். அதை நான் எதிர்க்கவில்லை. அங்கும் முதல் நாள் வலம் வந்தேன்.

இளம் அலுவலருக்கு: வடமேற்கு மூலைப் பலகையை வெறுமையாக விட வேண்டாம். பெயர் எழுதுங்கள். தவ்வை என்று எழுதுங்கள். வேண்டுமானால் கீழே, திருமகளின் தமக்கை என்று எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு சொல்லும் கூடாது. என்ன கிடைக்கும் என்று கேட்பவரிடம், ஒன்றும் கிடைக்காது, நின்றுவிட்டுப் போங்கள் என்று சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அவருடைய கால்களைப் பாருங்கள்.